அமானிதமும் கணக்கும்: இளைஞர் தலைமை பற்றி வரலாறு கூறுவது



இம்மலரில் வழக்கம்போல் ஆண்டு வரவு செலவுக் கணக்கு அச்சிடப்பட்டுள்ளது. நம்மில் பலர் அப்பக்கங்களை விரைந்து புரட்டிவிட்டுக் கட்டுரைப் பகுதிக்கு வந்துவிடுவது இயல்பு. ஆயினும் இக்கட்டுரை அந்தக் கணக்குப் பக்கங்களோடு நெருங்கிய தொடர்புடையது. ஒரு சமுதாயம் தன் இளைஞர்களைப் பொறுப்புள்ள தலைவர்களாகவும் ஊருக்குப் பயன்படும் குடிமக்களாகவும் வளர்க்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கு நாம் ஆராயும் வினா. வரலாற்றைப் பயிலும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. பொறுப்பை இளமையிலேயே ஒப்படைக்க வேண்டும். அப்பொறுப்புக்குரிய கணக்கையும் உடன் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்த இடங்களில் நல்ல தலைவர்கள் உருவாயினர். பிரிந்த இடங்களில் இளைஞர்கள் வீணாயினர். இதற்கு நம் கோவை நகரமே சான்றாக நிற்கிறது.

நம் ஊர்ப் பட்டறைகளில் வேலை பழக வரும் பையனை எவ்வாறு பழக்குகின்றனர் என்பதை அனைவரும் அறிவோம். பார்த்துக்கொண்டே நிற்பவனுக்குத் தொழில் வருவதில்லை. ஒருநாள் அவனை லேத்தின் முன் நிறுத்தி, இரும்பையும் கையில் கொடுத்து, அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரையும் உடன் கொடுப்பர். கடைந்து முடித்ததும் அளவு சரியா என்று அவனே பார்த்துச் சொல்ல வேண்டும். தலைமைப் பயிற்சியும் இத்தகையதே.

இளமையில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் (கி.பி. 630) மக்கா வெற்றி கொள்ளப்பட்டபின், அந்நகரின் நிர்வாகத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்தாப் இப்னு அஸீத் (ரலி) என்னும் இளைஞரிடம் ஒப்படைத்தார்கள். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 20. முதியோரும் செல்வரும் நிறைந்த நகரம் அது. அவருக்கு நாளொன்றுக்கு ஒரு திர்ஹம் ஊதியமாக வரையறுக்கப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். பொறுப்பு பெரிது, அதனால் அவர் பெறக்கூடியது எவ்வளவு என்பதோ முன்னரே அனைவரும் அறியும்படி அறிவிக்கப்பட்டிருந்தது.

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டில் உஸாமா இப்னு ஸைத் (ரலி) படைத்தலைவராக நியமிக்கப்பட்டார். அவருக்கு அப்போது 18 வயதளவே இருக்கும். அவருடைய தந்தை ஸைத் (ரலி) அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர். உமர் (ரலி) போன்ற மூத்த தோழர்கள் இடம்பெற்ற படைக்கு இவ்விளைஞர் தலைவரா என்று சிலர் குறைகூறினர். நபியவர்கள் அக்குறையை மக்கள் முன்னிலையிலேயே மறுத்து, தந்தையும் தகுதியுடையவரே, மகனும் தகுதியுடையவரே என்று தெளிவுபடுத்தினார்கள். அண்ணலாரின் மறைவுக்குப்பின் கலீஃபாவாகிய அபூபக்ர் (ரலி) அவர்கள் அப்படையை வழியனுப்புகையில், உஸாமா வாகனத்தின்மீது இருக்கத் தாம் நடந்து சென்றார்கள். மதீனாவில் உமரின் துணை தமக்குத் தேவைப்பட்டபோது, அவரை விட்டுச்செல்லுமாறு அந்த இளந்தலைவரிடமே அனுமதி வேண்டினார்கள். நாட்டின் தலைவர் விரும்பியிருந்தால் ஆணையிட்டிருக்கலாம். ஆணையிடாமல் கேட்டதனால், ஒப்படைத்த பொறுப்பு உண்மையான பொறுப்பாயிற்று.

கணக்குக் கேட்பதிலும் அக்காலத்தோர் தளரவில்லை. உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் ஆளுநர்களை நியமிக்கும்போது அவர்தம் சொத்துகளைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். ஹஜ்ஜுக் காலத்தில் ஆளுநர்களை வரவழைத்து, அவர்கள்மீதான முறையீடுகளை மக்கள் முன்னிலையில் விசாரிப்பார்கள். நம்பி ஒப்படைப்பதும் விசாரித்து அறிவதும் ஒன்றுக்கொன்று பகை என நாம் நினைக்கிறோம். அவர்கள் அவ்வாறு நினைக்கவில்லை.

கல்லில் வெட்டிய விதி

தமிழ் மண்ணிலும் இச்சிந்தனை வேரூன்றியிருந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, எழுத்தறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். பதவிக்காலம் 360 நாள்.

அவ்விதிகளுள் நம் கருத்தைக் கவர்வது ஒன்று உண்டு. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். அவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். ஒருவர் கணக்கை மறைத்துவிட்டுத் தம்பியையோ மைத்துனரையோ அப்பதவியில் அமர்த்திவிட இயலாதபடி, 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கதவு அடைக்கப்பட்டிருந்தது.

அச்சபையின் குறைகளையும் நாம் மறைத்தலாகாது. அது பிராமணக் குடியிருப்பின் சபை. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய ஆண்களே அதில் இடம்பெறலாம். 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு 30 வயது முதல் 60 வயது வரை என வரையறுத்தது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதனை 35 முதல் 70 என உயர்த்திவிட்டது. ஓலை எடுக்கச் சிறுவன் வேண்டும். சபையில் அமர இளைஞன் வேண்டா. கணக்கில் கண்டிப்பாயிருந்த அவ்வூர், இளமைக்கு இடமளிக்கவில்லை. மதீனாவின் பாடத்தையும் உத்திரமேரூரின் பாடத்தையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் நமக்கு முழுமை கிடைக்கிறது.

மூன்று சிறு சங்கங்கள்

கடந்த நூற்றாண்டில் தமிழகத்தில் தோன்றிய மூன்று இளைஞர் சங்கங்களை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும். மூன்றும் தொடக்கத்தில் மிகச் சிறியவை.

முதலாவது திருநெல்வேலியில் தோன்றியது. 1896 ஜூன் 5ஆம் நாள் பிறந்த முஹம்மது இஸ்மாயீல் என்னும் சிறுவர், 1909ஆம் ஆண்டில் தம் ஊரில் முஸ்லிம் இளைஞர் சங்கம் ஒன்றை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 13. பின்னர் கல்லூரிப் படிப்பை இடையில் விட்டு ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்தார். அவரே பிற்காலத்தில் காயிதே மில்லத் எனப் போற்றப்பட்டவர். 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். எதிர்க்கட்சித் தலைவரின் கடமையே ஆள்வோரிடம் கணக்குக் கேட்பதுதான். நாடு பிரிந்த துயரத்தில் முஸ்லிம்கள் பலர் செய்வதறியாது திகைத்த வேளையில், 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில் வெளிப்படையாகக் கூட்டம் கூட்டி, இந்திய அரசியல் சட்டத்தின் வழியிலேயே சமுதாயம் தன் உரிமைகளைக் கேட்க வேண்டும் என்னும் பாதையை வகுத்தார். அரசியல் நிர்ணய சபையில் மொழி பற்றிய விவாதம் நிகழ்ந்தபோது தமிழின் தொன்மையையும் தகுதியையும் எடுத்துரைத்தார். மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவரை மக்களவைக்கு அனுப்பினர். 1972 ஏப்ரல் 5ஆம் நாள் மறைந்தார். அவருடைய அரசியலை ஏற்காதவரும் அவருடைய நேர்மையை ஐயுற்றதில்லை.

இரண்டாவது நம் கொங்கு மாணவர்கள் சென்னையில் கல்லூரியில் பயின்றபோது உருவாக்கியது. வனமலர்ச் சங்கம் என்பது அதன் பெயர். பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910இல் பிறந்த சி. சுப்பிரமணியம், ஈரோடு வட்டாரத்தைச் சேர்ந்த பெரியசாமித் தூரன், ஓ.வி. அளகேசன் முதலிய நண்பர்கள் அதில் இருந்தனர். பித்தன் என்னும் இதழையும் நடத்தினர். பொருள்வசதி குறைந்த மாணவர்கள் சேர்ந்து ஓர் இதழ் நடத்துவது எத்தகைய பயிற்சி என்பதை எண்ணிப் பாருங்கள். கட்டுரை உரிய நாளில் வரவேண்டும். அச்சகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். எழுதியதற்குப் பெயரிட்டுப் பொறுப்பேற்க வேண்டும்.

அந்நண்பர்கள் பின்னாளில் என்னவாயினர்? தூரன் அவர்கள் தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியரானார். பத்துத் தொகுதிகளாக வெளிவந்த அப்பெரும்பணியைப் பல்லாண்டு உழைத்து நிறைவேற்றினார். சுப்பிரமணியம் அவர்கள் சென்னை மாநிலத்தின் கல்வி அமைச்சராகவும் பின்னர் நடுவண் அரசின் உணவு, வேளாண் அமைச்சராகவும் விளங்கினார். 1965 பிப்ரவரியில் மொழிப் போராட்டத்தால் தமிழகம் கொந்தளித்தபோது, சுப்பிரமணியமும் அளகேசனும் நடுவண் அமைச்சர் பதவிகளிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தனர். ஆங்கிலம் தொடரும் என்னும் உறுதிமொழி கிடைத்தபின்னரே அதனைத் திரும்பப் பெற்றனர். மாணவப் பருவத்தில் ஒரே சங்கத்தில் இருந்த இருவர், தம் மக்களுக்குப் பதில்சொல்ல வேண்டிய நாளில் ஒன்றாக நின்றது கருதத்தக்கது. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்குமதி செய்யும் முடிவுக்கும் சுப்பிரமணியம் அவர்களே பொறுப்பேற்று, எதிர்ப்புகளுக்கு விடைகூறினார். நாட்டின் பசியைக் குறைத்த பசுமைப் புரட்சி அதிலிருந்து வளர்ந்தது. ஆயினும் 1967 தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடித்தனர். அத்தீர்ப்பையும் அவர் ஏற்றுப் பொதுவாழ்வைத் தொடர்ந்தார்.

மூன்றாவது திருப்பூரின் தேசபந்து இளைஞர் சங்கம். சென்னிமலையில் 1904இல் பிறந்த குமரன் அதனோடு தொடர்புடையவர். 1932 ஜனவரி 10ஆம் நாள் தடையை மீறிய ஊர்வலத்தில் கொடியேந்திச் சென்று, காவலரின் தடியடியால் மண்டை பிளந்து, மறுநாள் உயிர்துறந்தார். அவருக்கு அப்போது 27 வயது. அவர் நடந்தது பட்டப்பகலில், நடுத்தெருவில். கையில் இருந்தது கொடி மட்டுமே. தம் செயலுக்குத் தம் உடலையே ஈடாக வைத்தார். பிறர் உடலை அன்று.

இம்மூன்று சங்கங்களின் கொள்கைகளும் வேறுவேறு. ஆயினும் அவற்றில் வளர்ந்தோர் ஊரறியத் தம் பெயரோடு நின்றனர்; செய்த செயலுக்குத் தாமே பொறுப்பேற்றனர்.

கணக்கில்லாத தலைமை தந்த துயரம்

இனி நம் நகரத்துக்கு வருவோம். இதனை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனால் இன்று 20 வயதிலுள்ள நம் பிள்ளைகள் இதனை அறியாதவர்கள். ஆதலின் எழுதியே ஆகவேண்டும்.

1997 நவம்பர் 29ஆம் நாள் இரவு, பணியிலிருந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் கோவையில் கொல்லப்பட்டார். அடுத்த நாள்களில் மூண்ட கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தனர். கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14ஆம் நாள் நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். மாண்டோர் கடைத்தெருவுக்கும் மருத்துவமனைக்கும் பேருந்துக்கும் சென்ற எளிய மக்கள். தொடர்ந்து நம் சமுதாயத்து இளைஞர் நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். தனி நீதிமன்றத்தின் தீர்ப்பு 2007ஆம் ஆண்டில்தான் வந்தது. ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்தபின் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவரும் உண்டு. தாய்மார்கள் காத்திருந்தே முதுமையடைந்தனர். நகரின் வணிகம் படுத்தது. அண்டை வீட்டாரிடையே பேச்சு நின்றது.

அநீதி நடக்கவில்லை என்று இங்கு யாரும் கூறவில்லை. நவம்பரில் கொல்லப்பட்டோருக்காக நீதி கேட்கும் உரிமை இருந்தது. கேட்க வேண்டிய கடமையும் இருந்தது. ஆனால் அக்கோபத்தைச் சட்டத்தின் முன்னும் மக்கள் முன்னும் கொண்டுசெல்லாமல், இருட்டுக்குள் கொண்டுசென்றவர்கள் இருந்தனர். அத்தகைய கூட்டங்களில் தீர்மானப் புத்தகம் இல்லை. வரவு செலவு இல்லை. முடிவெடுத்தவர் யார் என்பதை உடன் சென்றவனும் கேட்கக் கூடாது. இளைஞனிடம் துணிவைக் கேட்டனர், உயிரைக் கேட்டனர், அவன் கேள்வி கேட்கும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டனர். எத்தரப்பில் இருந்தாலும், எச்சமயத்தின் பெயரைச் சொன்னாலும், இத்தகைய தலைமைக்கு இதுவே அடையாளம்.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு ஓர் அளவுகோலைக் கற்பிக்க வேண்டும். ஒருவர் உன்னை ஒரு செயலுக்கு அழைத்து, உன் பெற்றோரிடமும் ஜமாஅத்திடமும் சொல்லாதே என்றால், அவர் உன் தலைவர் அல்லர். நாளை நீ நீதிமன்றத்தில் நிற்கும்போது அவர் அருகில் நிற்கமாட்டார்.

2022 அக்டோபர் 23ஆம் நாள் உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயிலருகே கார் வெடித்தபோது நகரம் மீண்டும் அஞ்சியது. சில நாள்களில் கோவை ஜமாஅத்துகளின் பிரதிநிதிகள் அக்கோயிலுக்கே சென்று, அங்குள்ளோரைச் சந்தித்து நல்லிணக்கத்தை உறுதிசெய்தனர். இருட்டில் நடந்த ஒன்றுக்குப் பகலில், பெயரோடும் முகத்தோடும் பதில்சொல்லச் சென்ற செயல் அது. நம் இளைஞர்கள் கற்க வேண்டிய தலைமை அதுவே.

சட்டம் திறந்துவைத்துள்ள வாயில்கள்

இன்றைய இளைஞனுக்கு நாட்டின் சட்டம் பல வாயில்களைத் திறந்துள்ளது. அரசியல் சட்டத்தின் 61ஆம் திருத்தத்தால் 1989 முதல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் திருத்தங்களின்படி 21 வயது நிறைந்தவர் உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிடலாம். தமிழகத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. 1866இல் நகராட்சியாகவும் 1981இல் மாநகராட்சியாகவும் ஆன கோவையில் இன்று 100 வார்டுகள் உள்ளன. நகருக்கு வெளியே உள்ள ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. வரவு செலவைக் கேட்க வாக்காளர் எவருக்கும் அங்கு உரிமை உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் அரசு அலுவலகத்தின் கணக்கைக் கேட்கலாம்.

சாக்கடை அடைப்பு, குடிநீர், தெருவிளக்கு, வாக்காளர் பட்டியலில் விடுபட்ட பெயர் என்பனவற்றுக்காக நம் இளைஞர் மனு எழுதிச் செல்லும்போது, அது முஸ்லிம் தெருவுக்கு மட்டுமன்றி அடுத்த தெருவுக்கும் பயன்தரும். 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில், உறவினரே அஞ்சி ஒதுங்கிய உடல்களை, சமயம் பாராது அவரவர் முறைப்படி அடக்கம் செய்த முஸ்லிம் இளைஞர்களைத் தமிழகம் கண்டது. அவர்களிடம் துணிவும் இரக்கமும் உள்ளன. நாம் அவர்களுக்கு இன்னும் தராதது மேசையில் ஓர் இடம்.

ஜமாஅத்தில் தொடங்குவோம்

இதனை நிர்வாகத்தார் தவறாகக் கொள்ளமாட்டார்கள் என நம்பிக் கூறுகிறேன். நம் பள்ளிவாசல்களில் இளைஞர்களின் பணி என்ன? நோன்புக் கஞ்சி காய்ச்சுவதும், பெருநாள் தொழுகைக்குப் பாய் விரிப்பதும், கூட்டங்களுக்கு நாற்காலி போடுவதும், வாகனங்களை ஒழுங்குபடுத்துவதும் அவர்கள். எல்லாம் நன்மைக்குரிய பணிகளே. ஆனால் அரிசிக்கு எவ்வளவு ஆயிற்று, நன்கொடை எவ்வளவு வந்தது என்னும் புத்தகம் அவர்கள் கைக்கு வருவதில்லை. உழைப்பை வாங்கிக்கொண்டு ஆலோசனையை வாங்காத இடத்தில் தொண்டர்கள் இருப்பார்கள், தலைவர்கள் தோன்றமாட்டார்கள்.

1995ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டப்படி முத்தவல்லிகள் முறையாகக் கணக்கு வைத்து, ஆண்டுதோறும் வாரியத்திற்குச் சமர்ப்பிக்க வேண்டும். 2025ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரும் அக்கடமை நீங்கவில்லை. வெளியார் நம் கணக்கைக் கேட்கும் காலம் இது. நம் பிள்ளைகள் அதனை நன்கறிந்திருப்பது வக்ஃபுச் சொத்துக்கே பாதுகாப்பாகும்.

ஆதலால் சில யோசனைகளைப் பொதுக்குழுவின் பரிசீலனைக்கு வைக்கிறேன். நிர்வாகக் குழுவில் 30 வயதுக்குட்பட்ட இருவருக்கு வாக்குரிமையுடன் இடமளிக்கலாம். பொருளாளருக்குத் துணையாக ஓர் இளைஞரை ஓராண்டுக்கு நியமித்து, ஆண்டுப் பொதுக்குழுவில் கணக்கை அவரையே வாசிக்கச் செய்து, கேள்விகளுக்கு அவரையே விடையளிக்கச் செய்யலாம். ரமளான் கஞ்சிச் செலவு, மக்தப் மதரஸாவின் புத்தகச் செலவு போன்ற ஒரு சிறு தலைப்பை முழுவதும் இளைஞர் குழுவிடம் விட்டு, ஷவ்வால் மாதத்திற்குள் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யலாம். நம் பெண்பிள்ளைகளுள் வணிகவியல் பயின்றோர் பலர். பெண்கள் மதரஸாவின் கணக்கை அவர்களே எழுதி, பொதுக்குழுவுக்கு அனுப்பலாம். வார்டுப் பிரச்சினைகளுக்கு மனு எழுதும் பணியைக் கல்லூரி மாணவர் இருவரிடம் ஒப்படைத்து, என்ன விடை வந்தது என்பதை ஜும்ஆவுக்குப்பின் இரண்டு நிமிடத்தில் சொல்லச் செய்யலாம்.

தவறு நேராதா என்று பெரியவர்கள் கேட்கலாம். நேரும். பட்டறையில் முதல் இரும்பு வீணாவது இயல்பே. 50 ரூபாய் தவறிய கணக்கை 20 வயதில் ஜமாஅத்தார் முன் நின்று விளக்கியவர், பிற்காலத்தில் ஊரின் பொதுப்பணத்தைக் கையாளும்போது அந்நாளை மறக்கமாட்டார். உஸாமாவைக் குறைகூறியோரும் மூத்தோரே; அவரை வழியனுப்ப நடந்து சென்றவரும் மூத்தவரே. நாம் இவர்களுள் யாராக இருக்கப்போகிறோம் என்பதை அடுத்த பொதுக்குழுவில் முடிவுசெய்ய வேண்டியவர்கள் நாமே.

இளைஞர்களே! இம்மலரின் கணக்குப் பக்கங்களைப் படியுங்கள். விளங்காத இனம் இருந்தால் பொருளாளரை அணுகி மரியாதையோடு கேளுங்கள். பெரியோர்களே, கேட்க வரும் பிள்ளையை அமரச் செய்து விளக்குங்கள்.

ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை உரியவாறு நிறைவேற்றவும், அவற்றின் கணக்கை இம்மையிலும் மறுமையிலும் தலைநிமிர்ந்து கொடுக்கவும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.